சேற்றுக் கோடு

எல்வின் பிறந்தது அந்த ஆற்றுத்தீவில்தான். மொத்தமே நாற்பது ஏக்கர். வெள்ளம் வந்தால் அதிலும் பாதிதான் மிஞ்சும். ஒரு காலத்தில் கீழாற்றின் இரு கரையிலும் அவனுடைய பூர்வகுடிச் சனம்தான் மடவை மீன் பிடித்து வாழ்ந்தது. வெள்ளைக்காரன் கரும்பு நட வந்தான், கரையை எடுத்துக்கொண்டான், கரும்புக்கு உதவாத சதுப்புத் தீவை மட்டும் இவர்களுக்கு 'ஒதுக்கி' வைத்தான். பெருந்தன்மைதான், போங்கள்! காவலுக்கு ஒரு மேனேஜர் வேறு.

எல்வினுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஊர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்க ஒரே வழி, விலக்குச் சீட்டு. இதை வைத்திருப்பவன் இனிமேல் பூர்வகுடி இல்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் காகிதம். சனம் அதற்கு வைத்த பேர் 'நாய் வில்லை', வளர்ப்பு நாயின் கழுத்தில் தொங்குமே, அந்தத் தகடு. வாங்கினவன் தீவில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் சீட்டும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. பெற்ற தாயைப் பார்க்கவும் மேனேஜர் மனசு வைக்க வேண்டும். அந்த ஆளுக்கு மனசு இருந்தால்தானே?

எல்வின் சீட்டை வாங்கி, எதிர்க்கரைக்குக் குடிபோனான்.

ஆறு மட்டும் ஒரு வழி விட்டிருந்தது. தீவின் எல்லை, கடல் ஓதம் ஆற்றுக்குள் ஏறி நிற்கும் கோடு வரைக்கும்தான். ஓதம் வற்றினால் கோட்டுக்குக் கீழே இருபது அடிக்குச் சேறு தெரியும். அது மேனேஜரின் வரைபடத்தில் கிடையாது. ஞாயிறுதோறும் எல்வின் படகில் வந்து அந்தச் சேற்றில் நிற்பான். அம்மா மட்டிச் சிப்பி அவித்து எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள்.

"வாங்க தொரை! சேத்துல நிக்க ஒங்க பேப்பர் விடுதா?" என்பாள் தங்கை டல்சி.

"சும்மா இருடி. பிள்ளைங்களுக்காகத்தானே வாங்குனான்," என்று அம்மா மட்டியை அவன் வாயில் ஊட்டுவாள். நாற்பது வயது ஆளுக்கு! நான்கு வருஷம் இப்படியே போனது.

ஐந்தாம் வருஷம் மார்ச்சில் அம்மா நெஞ்சுவலியோடு படுத்தாள். அதே வாரம் மேல்மலையில் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு செம்மண்ணாய்ப் பெருகியது. ஓதம் வற்றியும் சேறு தெரியவில்லை. எல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குச் சாமான் வாங்க வந்த மேனேஜரிடம் போய் நின்றான். "எழுதிப் போடு, அடுத்த மாசம் பார்க்கலாம்," என்றார் அவர்.

தினமும் காலையில் அவன் தன் கரையில் வந்து நிற்பான். ஆறு அங்கே குறுகல், குரல் கேட்கும்.

"அம்மா ஒன்னைத்தான் கேக்குது!" என்று டல்சி கத்துவாள்.

"இப்பவே வர்றேன்டி!"

"வராதேங்குது! பிள்ளைங்க படிப்பு போயிரும்ங்குது. சேறு தெரியட்டுமாம். தெரிஞ்சதும் தன்னைச் சேத்துக்குத் தூக்கிட்டு வரச் சொல்லுது!"

இன்று வற்றும், நாளை வற்றும் என்று எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பெண்கள் இருவரும் புத்தகப் பையோடு வீட்டு வாசலில் நின்றார்கள்.

"இனிமே வர வேணாம்னுட்டாங்கப்பா. மத்த பிள்ளைங்களோட அம்மாங்க ஒத்துக்கலையாம்," என்றாள் மூத்தவள்.

"நம்மகிட்டதான் பேப்பர் இருக்கே?"

"அதையும் சொன்னேம்பா. இருந்தா என்னன்னு கேட்டாங்க."

எல்வின் நேரே ஆற்றுக்குப் போனான். பட்டப்பகலில் படகைத் தள்ளினான். மேனேஜர் பார்த்தால் பார்க்கட்டும். இனி இழக்க என்ன இருக்கிறது? இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

தீவுக் கரையில் டல்சி நின்றாள். இடுப்பு வரை இருந்த கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தாள், சாவு விழுந்தால் அவர்கள் சனத்துப் பெண்கள் செய்வதுபோல. துடுப்பு அவன் கையிலிருந்து நழுவியது.

"காலைல நீ கூப்பிட்டுப் போன கொஞ்ச நேரத்துலண்ணே," என்றாள் அவள். "கடைசி வரைக்கும் சேறு தெரியுதா, சேறு தெரியுதான்னுதான் கேட்டுச்சு."

எல்வின் படகைவிட்டு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வெள்ளம் அதை மூடியிருந்தது.

"நேத்தே வந்திருக்கலாமேடி!" என்று கத்தினான். "நேத்தே வந்திருக்கலாமே!"