தீயணைப்பு வண்டி உள்ள ஊர்கள் வழியாகப் பாலக்காடு

என் அக்காவுக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். எனக்குப் பார்த்தாலும் வராது. இப்படிப்பட்ட இரண்டு பேரை வைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், ஒரு பழைய லாரியை வாங்கினார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் குறுவை அறுத்ததும் வைக்கோலை ஏற்றிப் பாலக்காட்டு மாட்டுப் பண்ணைகளில் இறக்குவது அவர் திட்டம்.

வைக்கோல் லாரி எரிவது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. ரோட்டுக்கு மேலே மின்கம்பி தாழ்ந்து தொங்கும். உயர ஏற்றிய பாரம் அதில் உரசினால் போதும். அப்படிப் பற்றிக்கொண்ட ஒரு லாரியை அதன் டிரைவர் எரிய எரிய ஓட்டிப்போய்க் குளத்தில் இறக்கிய வீடியோவை அக்கா போனில் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த லாரி போச்சுன்னா நமக்கு வேற ஒண்ணும் இல்லடா. நீயும் கூடப் போ. பயந்தவன் கண்ணுக்குத்தான் பொகை மொதல்ல தெரியும்" என்றாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படும் வேலைக்கு அது தடையாக இருந்ததில்லை. ஒத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு நிபந்தனையும் போட்டாள். வழியில் வரும் ஒவ்வொரு ஊரிலும் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், வண்டி நிற்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த ஊரைத் தாண்டலாம்.

"வண்டி எங்கயாவது போயிருந்தா?" என்று மச்சான் கேட்டார்.

"வர்ற வரைக்கும் நில்லுங்க. அணைக்க வண்டி இல்லாத ஊருக்குள்ள வைக்கோலோட போயி என்ன பண்ணப் போறீங்க?"

எனக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மச்சான்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

மழை வரப்போகிறது என்றார்கள். அதனால் ஆயுத பூஜை அன்றைக்கே லாரிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். திருத்துறைப்பூண்டியில் தீயணைப்பு வண்டி வாசலிலேயே நின்றது. போட்டோ போனது. "சரி, போங்க" என்று அக்கா அனுப்பினாள்.

மன்னார்குடியில் வண்டி இல்லை. யார் வீட்டிலோ புகுந்த பாம்பைப் பிடிக்கப் போயிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து காத்திருந்தோம். நான் வாசலுக்கு மறுபடி மறுபடி போய் எட்டிப் பார்த்ததில் காவலுக்கு நின்றவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உங்களுக்கு என்னங்க, பாம்பா?"

"இல்லைங்க, போட்டோ."

"பாம்போட போட்டோவா?"

"வண்டியோட போட்டோங்க. அக்காவுக்கு அனுப்பணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தவர், "பாம்பே தேவலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"மாப்ள, இப்படியே போனா வைக்கோல் மக்கி எருவாத்தான் பாலக்காடு போய்ச் சேரும்" என்றார் மச்சான்.

ஒருவழியாக வண்டி வந்து போட்டோவும் போனது. அடுத்து, தஞ்சாவூருக்கு முன்னால் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே லாரியை எங்கே நிறுத்துவது என்ற கவலை எனக்கு வந்துவிட்டது. ரோட்டோரம் நிறுத்தினால் எவனாவது பீடியை எறிவான். கடைத்தெருவில் எந்த வடைச்சட்டியிலிருந்து பொறி பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஊரிலேயே பத்திரமான இடம் எது என்று யோசித்துப் பார்த்து, தீயணைப்பு நிலையத்தின் வாசலிலேயே லாரியின் பின்பக்கம் நிற்கும்படி நிறுத்தச் சொன்னேன். மச்சான் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

உள்ளே பூஜை நடந்துகொண்டிருந்தது. சிவப்பு வண்டியைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கோடாரி, தலைக்கவசம், தண்ணீர் பீச்சும் பித்தளைக் குழல் எல்லாம் வாழையிலையில் சந்தனப் பொட்டோடு இருந்தன. என் கையிலும் சுண்டல் வைத்தார்கள். போட்டோ என்றதும் நிலைய அலுவலர், "மாலை தெரியிற மாதிரி எடுங்க" என்றார். அதுவரை போன ஊர்களில் யாருமே இப்படிச் சொன்னதில்லை.

போனைத் தூக்கிப் பிடித்தேன். அந்த நேரம் ஒருவர் பூசணிக்காயின் மேல் சூடத்தைக் கொளுத்தி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ரோட்டில் உடைப்பதற்காக வாசலை நோக்கி நடந்தார். போனில் அவர் முதுகு தெரிந்தது. முதுகுக்கு அந்தப் பக்கம் தாடி தாடியாக வைக்கோல் தொங்கும் எங்கள் லாரி தெரிந்தது.

'தீ' என்று கத்துவதற்காகவே வளர்ந்தவன் நான். அன்றைக்குப் பார்த்து அந்த வார்த்தை வரவில்லை.

"சார்... வைக்கோல்... நம்மளுது..."

"என்னய்யா?"

"வாசல்ல சார். வைக்கோல் லாரி."

"எவன்யா ஃபயர் ஸ்டேஷன் வாசல்ல வைக்கோலக் கொண்டாந்து நிறுத்துனது!"

அந்தச் சத்தத்தில் பூசணிக்காய் வைத்திருந்தவர் திடுக்கிட்டுக் கையை விட்டார். காய் சிதறியது. எரியும் சூடம் உருண்டுபோய்ச் சிந்திக்கிடந்த வைக்கோலில் விழுந்தது. அணில் மரம் ஏறுவதுபோல் நெருப்பு தொங்கிய தாடியில் ஏறியது. 'இந்த லாரி போச்சுன்னா நமக்கு வேற ஒண்ணும் இல்லடா' என்ற அக்காவின் குரல் என் காதில் கேட்டது.

நிலையத்துக்காரர்கள் ஓடிய வேகத்தில் யாரும் ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. ஒருவர் வாழையிலையிலிருந்து குழலைப் பொட்டோடு எடுத்து மாட்டினார். வண்டியை நகர்த்தவே தேவைப்படவில்லை, நின்ற இடத்திலிருந்தே எட்டியது. அந்தக் கணக்கில் நான் லாரியை நிறுத்தச் சொன்ன இடம் சரியான இடம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். சந்தனமும் சாமந்தி இதழும் கலந்து தண்ணீர் பாய்ந்தது. தாடி அணைந்தது. மச்சான் மழை வந்துவிட்டது என்று நினைத்து, தார்ப்பாய் போட இறங்கி ஓடி வந்தார்.

என் கை மட்டும் தன் பாட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதே போக்கில் ஒன்று அக்காவுக்கும் போய்விட்டது. மாலை போட்ட தீயணைப்பு வண்டி, எங்கள் லாரி, நடுவில் தண்ணீர்.

அலுவலர் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் குரல் பதிவு வந்தது. பயத்தில் தொட்டுவிட்டேன். எல்லோருக்கும் கேட்டது.

"பரவால்லையே, பூஜைன்னு நம்ம லாரியையும் சேர்த்துக் கழுவி விடுறாங்களா? நல்ல மனுசங்கடா. பொரிகடலை குடுத்தா வாங்கிக்கிட்டு வாங்க. சரி, அந்த ஊர்ல வண்டி இருக்கு. கெளம்புங்க."

அலுவலர் திட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு, "போங்கய்யா. அந்தம்மாவே சொல்லிட்டாங்கள்ல" என்றார்.

நனைந்த கட்டுகளை இறக்கி, எதிர்வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, பொரிகடலையோடு கிளம்பினோம். மச்சான் தஞ்சாவூரில் நிலையத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே லாரியை ஓரங்கட்டினார்.

"நீ எறங்காத மாப்ள. பின்னாடி பாத்துக்கிட்டே இரு. நான் போயி எடுத்தாறேன்."

என் போனை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து காட்டினார். பாதிப் படத்தில் அவர் கட்டை விரல், மீதியில் ஏதோ சிவப்பாக இருந்தது. அனுப்பினோம்.

"வண்டி மாதிரியே தெரியலையே. திரும்பப் போயி எடுங்க" என்றாள் அக்கா.

மச்சான் மறுபடி இறங்கி நடந்தார்.