அலெக்சாண்டரின் முறை

ஆர்னால்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம்! அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: அந்த மனுஷன் தாளம் தப்பி யாரும் பார்த்ததில்லை.

"சுவரைப் பார்த்துத் தலையாட்டுறாரு லா, ஜன்னல் வழியா நானே பார்த்தேன்" என்கிறாள் எதிர்வீட்டு சம்சுன்னிசா. ஆட்டினால் என்ன? பாட்டுக் கேட்கிறவன் தலையாட்டத்தான் செய்வான்.

வாரநாளெல்லாம் ஆர்னால்ட் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் பஸ் ஓட்டினான். சனி, ஞாயிறு டிரம்ஸ். முப்பது வருஷம் மற்றவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்தவன், ஐம்பத்தெட்டு வயதில் தன் பெயரில் ஒரு ஜாஸ் ஆல்பம் போட்டான். பியானோவுக்கு அலெக்சாண்டர், மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்தே கூட்டாளி. கடைசிப் பாட்டில் இருவர் மட்டும்: பதினாறு தட்டு டிரம், அடுத்த பதினாறு பியானோ, மறுபடி டிரம். ஆர்னால்ட் தன் பங்கை முதலில் வாசித்து, நண்பனுக்கு இடம் விட்டு வந்தான். அதை நிரப்ப வருமுன் அலெக்சாண்டர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

ஒலிப்பதிவு செய்த கதிரேசன், "வேற ஆளை வச்சு முடிச்சிரலாம் அண்ணே" என்றான்.

"அவன் முறைடா அது. அவனே வாசிப்பான்."

இடம் வெறுமையாகவே ஆல்பத்தில் ஏறியது.

ஆர்னால்டின் மனைவி அல்போன்சம்மாள் அந்த இசைத்தட்டை வீட்டில் போட்டு, மௌனம் வந்ததும் தட்டுக்கு ஒன்றாக ஜெபமாலை மணிகளை நகர்த்தினாள். பதினாறாவது மணியில் டிரம் வந்தது. அடுத்த வாரம் இருபது மணி. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. விரல்தான் பிசகியதோ என்று கதிரேசனைக் கேட்டாள்.

"எட்டு செகண்ட்தான் அக்கா. நம்ம மிஷின்ல மாறவே இல்ல."

வீட்டில்தான் நீண்டது. அந்த நேரமெல்லாம் ஆர்னால்ட் கண்ணை மூடித் தலையாட்டுவான். ஒருமுறை, "ஆகா!" என்று சிரித்தான்.

"என்னங்க கேக்குது?"

"உஷ்... அவன் இன்னும் முடிக்கல."

அவளுக்கு ஒரே பயம்தான். ஒருநாள் டிரம் திரும்பி வராமலே போனால், இவனும் அந்த மௌனத்திலிருந்து திரும்பி வரமாட்டான்.

ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் ஆல்பத்தின் வெளியீடு. அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டே அந்த இசைத்தட்டைப் போட்டான். மௌனம் வந்தது. அல்போன்சம்மாள் நகர்த்தினாள், நகர்த்தினாள். ஜெபமாலை முழுக்கச் சுற்றிச் சிலுவை அவள் விரலுக்குத் திரும்பியது. டிரம் வரவில்லை. இசைத்தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆர்னால்ட் குச்சிகளை எடுத்தான்.

"முடிச்சிட்டான் அல்போன்சா. இனி என் முறை."

கதவைத் திறந்தான். யாரோ முந்திப் போகட்டும் என்பதுபோல ஓரமாக ஒதுங்கி நின்று, பிறகு தானும் வெளியேறினான். தனியாகத்தான் போனான் என்று சம்சுன்னிசா சத்தியம் செய்கிறாள். அவன் ஒதுங்கி நின்றதை அவள் பார்க்கவில்லை.