சிவப்பு வருவது எதனால்

செய்தி வந்தபோது மாலை நான்கு பத்து. சிதம்பரத்தில் எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஆய்வக உதவியாளர் அய்யனார் கதவருகே வந்து நின்று, நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜெனிட்டா கடலூர் வீட்டில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மாணவர்கள் நுண்ணோக்கியில் குனிந்தபடியே இருந்தார்கள். மணி அடிக்கும்வரை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஜெனிட்டா பதினெட்டு வருடம் கடலூரிலிருந்து ரயிலில் வந்து போனவர். அவருடைய அம்மா இன்னாசிமேரி துறைமுகத்துப் பக்கம் கருவாடு போடுகிறவர். மழைக்காலத்தில் உப்பு போட்ட மீன்மேல் சில சமயம் சிவப்புப் பூத்துவிடும். அது ஒரு நுண்ணுயிர். ஜெனிட்டாவின் ஆராய்ச்சி முழுவதும் அதுதான். அவர் அதை வளர்ப்பார். உயிர்வேதியியல்காரனான நான் அதன் நொதியை அளப்பேன். வகுப்பில் அதன்மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுக் காட்டுவார். உப்பிலேயே வாழ்ந்த செல்கள் உடைந்துபோகும். "நமக்கு உயிர், அதுக்கு வெஷம்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருவாடு போடும் பெண்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதினார். கை கழுவாமல் மீனைத் தொடுவதால்தான் சிவப்பு வருகிறது என்பது அதன் முதல் வரி. சோதித்து எழுதியதல்ல; அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அதைக் காட்டியே வியாபாரிகள் நல்ல சரக்கையும் வேண்டாமென்று தள்ளினார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "கிட்ட வராத டீச்சரு, கை கழுவல" என்பார்களாம்.

போன வருடம்தான் உப்பையே சோதித்தார். மீன் பக்கமே போகாத, மூட்டை பிரிக்காத உப்பில் அந்தச் சிவப்பு வளர்ந்தது. வறுத்த உப்பில் வளரவில்லை. மூன்று முறை திரும்பச் செய்துவிட்டு அம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒங்க யாரு கையிலயும் தப்பில்ல. உப்புலேர்ந்துதான் வருது."

"அத நான் அப்பவே சொன்னன். உப்ப வறுக்கச் சொல்றதுக்கு இவ்ளோ படிப்பா? பேப்பர்ல போட்டுத்தான கெடுத்த, பேப்பர்லயே திருப்பிப் போடு."

இதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். ஆனால் எழுதிக்கொண்டிருந்த கட்டுரைகளை ஒதுக்கிவிட்டுப் புது நோட்டீஸுக்கு உட்கார்ந்தார். மற்றதெல்லாம் முடிந்தும் முதல் வரி மட்டும் வரவில்லை. தவறை ஒப்புக்கொள்ள வேண்டும், அனுதாபம் கேட்பதுபோல் இருக்கக் கூடாது என்றார்.

அடக்கம் முடிந்ததும் இன்னாசிமேரி அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: நோட்டீஸ் அடித்தாகிவிட்டதா என்று.

இன்று ஜெனிட்டாவின் மேசையைத் திறந்தேன். பழைய நோட்டீஸின் முதல் வரியை அடித்துவிட்டு, மேலே எழுதியிருக்கிறார்: "உங்கள் கையைக் குறை சொன்னவள் நான்தான். சிவப்பு வருவது". அதோடு நிற்கிறது.