நாற்று விலையும் நடவுக் கூலியும்

படம் வரைந்து கொடுத்தால் எவ்வளவு என்று யாராவது கேட்டால், "பாத்துக் குடுங்க" என்பதுதான் பல வருடங்கள் என் பதில். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒருவர் இரண்டாயிரம், ஒருவர் ஆயிரத்து ஐநூறும் ஒரு சிப்பம் பொன்னி அரிசியும்.

இறந்தவர்களின் உருவப்படம் வரைவது என் தொழில். எங்கள் பக்கம் படத்திறப்பு என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. இறந்தவரின் படத்தை மாலையோடு திறந்து வைத்து, நாலு பேர் பேசி, எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். அதற்குச் சிலர் எண்ணெய் வண்ணத்தில் படம் கேட்பார்கள். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

ஒருமுறை ஒரு அரிசி ஆலைக்காரரின் அப்பாவை இருபத்திரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். மூவாயிரத்து ஐநூறு கொடுத்தார்கள். படத்திறப்பில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "ஃப்ரேம் மட்டுமே நாலாயிரமாங்க, தேக்கு" என்று வியந்து சொன்னார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். போன மாதம் எங்கள் வீட்டுச் சுவர் பூச வந்த கொத்தனாருக்கு நாளுக்கு ஆயிரம் கொடுத்திருந்தோம். அவர் கேட்டார், நாங்கள் கொடுத்தோம், யாருக்கும் வருத்தமில்லை. அவரைவிட நான் குறைந்தவள் இல்லை என்று முடிவு செய்தேன். இருபத்தைந்து நாள் கூலி, கேன்வாஸ், வண்ணம், அறை வாடகை. முப்பத்திரண்டாயிரம் வந்தது. அதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. என் கணவர் எட்டிப் பார்த்து, "யார்கிட்ட கடன் கேக்குற?" என்றார்.

அடுத்து வந்தவர்கள் ஒரு அக்காவும் தம்பியும். கூத்தாநல்லூருக்குப் பக்கத்து ஊர். அக்கா நடவு வேலைக்குப் போகிறவர், பதினைந்து பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்குத் தலைவி. தம்பி சென்னையில் இன்ஜினியர். கூலி வேலை செய்தே அவரைப் படிக்க வைத்த அம்மாவுக்கு இரண்டு மாதத்தில் முதலாண்டு நினைவு நாள். அம்மாவின் புகைப்படம் என்று அவர்களிடம் இருந்தது நூறு நாள் வேலை அட்டையில் ஒட்டிய ஒன்றுதான். அரசாங்க கேமராவைப் பார்த்து மிரண்டுபோன முகம்.

தம்பி விலை கேட்டார். சொன்னேன். குரல் இந்த முறை நிற்கவில்லை.

"முப்பத்திரண்டாயிரமா? பெயிண்ட் எவ்வளவு மேடம் ஆகும்?"

"பெயிண்டும் கேன்வாஸும் ஒரு நாலாயிரம் ஆகும் சார்."

"அப்ப மீதி?"

கேட்டபடியே அவர் போனை நீட்டினார். "இதுல ஒரு ஆப் இருக்கு. போட்டோவைக் குடுத்தா ஒரு நிமிஷத்துல பெயிண்டிங்கா மாத்திக் குடுக்குது. பிரிண்ட் போட ஐநூறு ரூபா."

அவர் அம்மா அதில் சிவப்பாக, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், கழுத்து நிறைய நகையோடு சிரித்தார். அக்கா போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருடா தம்பி இது?"

"அம்மாக்கா."

"அம்மாவா?" போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். "வயல்காரங்ககிட்ட நடவு பேசப் போறோம். நாத்து என்ன வெலைன்னு கேட்டா கூலி பேசுறாங்க? ஒத்துக்குவியா நீ? சேறு எவ்வளவு, எத்தனை ஆளு, எத்தனை நாளுன்னுதான பேச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளும்மா ஆகும்?"

"இருபத்தஞ்சு நாளுக்கா."

"குனிஞ்சேதான் செய்யணுமா?"

"நின்னுதான் செய்வேன். இடுப்பு போயிரும்."

"சரிதான்," என்றார். அதற்கு மேல் பேரம் இல்லை. தம்பி பாதித் தொகையை முன்பணமாக அனுப்பினார். முகத்தில் சம்மதம் இல்லை, ஆனால் அக்கா சொன்னதை மீறும் பழக்கமும் இல்லை.

வாழ்க்கையில் முதன்முறையாக நல்ல கேன்வாஸ் வாங்கினேன். அவர்கள் ஊருக்கு இரண்டு முறை போனேன். முன்பெல்லாம் பஸ் காசை நினைத்துப் போகமாட்டேன். அம்மா எப்படி உட்காருவார் என்று கேட்டதற்கு அக்கா தானே உட்கார்ந்து காட்டினார். தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. வருடக்கணக்காக நெற்கட்டு சுமந்த கழுத்து. அம்மா கோபம் வந்தால் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பாராம். நெற்றி அப்படியே தம்பியிடம் இருந்தது, தாடை அக்காவிடம்.

பன்னிரண்டாம் நாள் முகம் முடிந்தது. பார்த்தால் யாரோ ஒரு நல்ல அம்மா மாதிரி இருந்தது, அவர்களுடைய அம்மா மாதிரி இல்லை. இரண்டாயிரம் ரூபாய்க் காலமாக இருந்தால் அப்படியே கொடுத்திருப்பேன், யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இப்போது முகம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: நியாயமான கூலி என்பது தப்பைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கிற நாட்களும்தான்.

நடுவில் தம்பி ஒருமுறை கூப்பிட்டு, "கொஞ்சம் கலரா போட்டுருங்க மேடம்," என்றார்.

"அவங்க நிறத்துலயே போடுறேன் சார். பாத்துட்டுச் சொல்லுங்க," என்றேன். மாலை வெயிலில் வயலிலிருந்து திரும்பும் கறுத்த முகத்துக்கு எத்தனை நிறம் வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

படத்திறப்பு அவர்கள் வீட்டு முன் பந்தலில் நடந்தது. திரையை விலக்கினார்கள். முன்வரிசையில் இருந்த, அம்மாவோடு ஒரே குழுவில் நடவு நட்ட ஒரு வயதான பெண் எழுந்து படத்தருகே போனார். மேலும் கீழும் பார்த்தார்.

"ஏதோ திட்டப் போறா," என்றார். "லேட்டா வந்தா இப்படித்தான் பார்ப்பா எங்களை."

பந்தலே சிரித்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அழுதார்கள். தம்பி படத்தைப் பார்த்தபடி நின்றார். கறுப்பா சிவப்பா என்ற பேச்சே வரவில்லை.

பிறகு அவர் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார். "இந்தப் படத்துக்கு மட்டும் முப்பத்திரண்டாயிரம் ரூபா செலவு பண்ணிருக்கோம். எங்க அம்மாவுக்கு ஒரு கொறையும் வைக்கல."

சாமியானாக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். நாலு வயல் தாண்டி ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல், மைக் தேவையில்லை.

"செலவுன்னு சொல்லாத தம்பி. கூலின்னு சொல்லு."

தம்பி என் பக்கம் கையை நீட்டினார். "ஆமா. கூலி," என்றார். "அந்தா நிக்கிறாங்க, அவங்க வேலைக்குக் கூலி." எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நடவுக் குழுப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். நான் ஒளியவில்லை. கும்பிட்டேன்.

அந்தத் தொகை எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. போன் செய்தவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்டதும் வைத்தார்கள். முன்பென்றால் ஒவ்வொரு துண்டிப்பும் உடம்பைச் சுட்டிருக்கும். மீதிப் பேர் தேதி கேட்டார்கள். முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர், மீன்பிடித் தொழிலில் இருந்த அப்பாவை வரைந்து தரக் கேட்டு, "கொறைக்க மாட்டீங்களாமே?" என்று ஆரம்பித்தார்.

"ஆமாங்க."

"சரி, எப்ப வரட்டும்?"

என்னோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் திருவிடைமருதூரில் கல்யாண மண்டபச் சுவர்களில் வரைபவர். அடிக்கு இத்தனை ரூபாய் என்று மேஸ்திரி சொல்வதே அவருக்கு விலை. விஷயம் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். "எப்படிச் சொன்ன அந்தத் தொகைய?"

"சொல்லிட்டு வாய மூடிக்கிட்டேன். அதுதான் கஷ்டம். உடனே கொறைச்சுச் சொல்ல நாக்கு துடிக்கும்."

அவர் மேஸ்திரியை விட்டுவிட்டு ஒரு மண்டபக்காரரிடம் நேராகப் பேசினார். பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். பின்னால் சாரம் கட்டும் சத்தம் கேட்டது.

"நாள் கணக்குச் சொன்னேன். வாய மூடிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"காபி சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. பேரமே பேசாம சுவத்தக் காட்டிட்டாங்க." சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. என்னாலும்தான்.