ஓட்டுகிறவர் தூங்கினாரா?

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், என் மகள் சிங்கப்பூரில் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அவளைப் பயணம் செய்ய வேண்டாமென்று அங்கிருந்த மருத்துவர் தடுத்துவிட்டதால், நாங்கள்தாம் போயாக வேண்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டது. மருமகன் விமான டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். ஆனாலும் புறப்பாடு மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. தள்ளியவர் என் கணவர்.

மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. முதலில் எங்கள் லாரி ஒன்றுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்றார். பிறகு கடலைக்காய் பிடுங்க ஆள் வருகிறார்கள் என்றார். அதற்குப் பிறகு பங்காளி வீட்டுக் காதுகுத்து. எல்லாக் காரணங்களும் நம்பும்படியாகவே இருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது.

என் சந்தேகத்துக்கு ஓர் அடிப்படை இருந்தது. மகள் தானே தேர்ந்துகொண்ட கல்யாணம் அது. மருமகன் அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, வேற்றுச் சாதி. உறவினர்கள் பலர் கல்யாணத்துக்கே வரவில்லை. என் கணவர் முன்னால் நின்று நடத்திவைத்தார் என்பது உண்மை. பங்காளிகள் வந்து, கோயிலில் பூக்கேட்டு முடிவுசெய்யலாம் என்றபோது, "புள்ளையக் கேட்டாச்சு, அப்புறம் பூவ என்னத்துக்குங்க கேக்கறது?" என்று சிரித்து அனுப்பியவரும் அவரே. ஆயினும் மருமகனை அவர் ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. 'அந்தத் தம்பி' என்பார். வாய் சம்மதித்து மனம் சம்மதிக்காத மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அவர்களில் ஒருவரோ என்று அந்த மாதங்களில் அவருடைய ஒவ்வொரு அசைவையும் கவனித்துவந்தேன்.

ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. மலையிலிருந்து காப்பி மூட்டையும் மரமும் இறக்க மூன்று லாரிகள் ஓடின. அவரே ஓட்டுநராக இருந்து முதலாளி ஆனவர். வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரையும் நிறுத்தி, "நேத்துத் தூங்குனியாப்பா? கண்ணக் காட்டு" என்பார். கண் சிவந்திருந்தால் அன்றைக்கு வண்டி இல்லை. தவிர்க்க முடியாத தூரப் பயணமென்றால், கிளீனரைக் கூப்பிட்டு, "வாய மூடாம பேசீட்டே போகோணும், அதுதான் உன்ற வேலை" என்று சொல்லி அனுப்புவார். நாங்கள் பஸ்ஸில் போகும்போதும் முதலில் முன்பக்கம் போய் டிரைவரைப் பார்த்துவிட்டு வருவார். பிடிக்காவிட்டால் அடுத்த பஸ். தொழில் தந்த பழக்கம் என்று எண்ணி நான் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். மறுநாள் காலையில் டிரைவர் ஒருவர் சாவி வாங்க வந்து நின்றார்.

"அய்யா கூட யாருங்க போயிருக்கறது?" என்று கேட்டேன்.

"எங்கீங்கம்மா?"

"மெட்ராசுக்கு."

"மெட்ராசுக்கு லோடே இல்லீங்களே. மூணு வண்டியும் பட்டறையிலதானுங்க நிக்குது."

டிக்கெட்டை ரத்துசெய்யத்தான் போயிருக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன். திரும்பி வந்தவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. டிக்கெட் பீரோவில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் சந்தேகம் குறையவில்லை. அதற்கு இருக்க இடம் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் அவர் சொன்னது என்னைத் திடுக்கிட வைத்தது. "எதுக்கும் அம்மனக் கேட்டுப்போட்டுப் போலாம்."

நாமக்கல் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை மற்றோர் இலையிலும் ஒன்றுபோல மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலங்களைப் பூசாரி மடிக்கக் கை நீட்டியபோது, "நானே மடிக்கறனுங்க" என்று என் கணவர் வாங்கிக்கொண்டார். தூணுக்குப் பின்னால் போய் மடித்துக்கொண்டு வந்தார். வாசலில் விளையாடிய ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

"அம்மனே வேண்டாங்குது. நான் என்னத்தப் பண்ணறது?" என்றார். குரலில் வருத்தத்தைக் காட்டிலும் நிம்மதியே மிகுந்திருந்தது. எடுக்காத பொட்டலத்தை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, சமையலறையில் தனியாக நின்று பிரித்தேன். அதிலும் சிவப்பு.

மறுநாள் காலை அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அந்த இலையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏனுங்க, அம்மன் கிட்டயேவா?"

பார்த்துவிட்டு இன்னொரு விள்ளல் தோசையைப் பிய்த்தார்.

"புள்ள மேல இன்னும் கோவம்னா சொல்லிப்போடுங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"கோவமா? எனக்கென்ன கோவம்?"

"அம்மாபேட்டையில குடுத்ததுக்கு."

"அட போ புள்ள!" என்று கையை உதறினார். பிறகு தோசையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அந்த ஏரோப்ளேன்தான் ஆகல" என்றார்.

மெட்ராஸ் போன கதை அப்போதுதான் வெளிவந்தது. "ஒரு பகல் முச்சூடும் மீனம்பாக்கத்துல நின்னு பாத்தேன். ஓட்டறவங்க பெட்டியத் தூக்கீட்டு வரிசையாப் போறாங்க. ஒருத்தன் கொட்டாவி உட்டுட்டே போறான். இன்னொருத்தன் கருப்புக் கண்ணாடி. கண்ணு எப்படிக் கெடக்குதுன்னே தெரியல. உள்ள போனாக் கதவச் சாத்திக்குவாங்களாமா. பொறத்தால உக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும், சொல்லு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் முழுமையாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. மலைப்பாதையில் பாரவண்டி இறக்கிய மனிதருக்கு வானம் பயமா? பயம் என்பதும் எஃப்.சி.யைப் போல, காதுகுத்தைப் போல இன்னொரு சாக்காக இருக்கலாம் அல்லவா? "நானே கேட்டுச் சொல்லறனுங்க, அவரு தூங்குனாரான்னு. அப்ப ஏறுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "கண்ணையும் பாக்கோணும்" என்றார்.

பயண நாளன்று, விமானத்தின் படிக்கட்டில் பாதி ஏறியதும் அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். இங்கிருந்தே திரும்பிவிடுவார், எல்லாம் இதற்கான ஏற்பாடுதான் என்று என் மனம் சொல்லிற்று. வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம், என் கணவர் விமானியிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கேள்வியைக் கேட்டதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் வெளியே வந்தார். நன்றாகத் தூங்கினேன் என்றார். என் கணவர் தம் கண்ணைத் தொட்டுச் சைகை காட்ட, விமானி கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். லாரிப் பட்டறையில் பார்ப்பது போலவே என் கணவர் அவசரமின்றி, ஒரு கண்ணுக்குப் பிறகு மற்றொன்றாகப் பார்த்தார்.

"செவப்பு இல்ல. ஏறு புள்ள."

வழி முழுவதும் அவர் கண்ணை மூடவில்லை. இரைச்சல் மாறும்போதெல்லாம், "கியர் மாத்தறான்" என்று என் காதில் சொன்னார். அவர் கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்த இடம் வியர்த்திருந்தது. பயம் உண்மை என்று அப்போது நம்பினேன். பயம் மட்டும்தானா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிங்கப்பூரில் மருமகன் தனியாக நின்றிருந்தார். முந்தின நாள் மாலையே மகளுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரவு முழுவதும் அங்கே இருந்துவிட்டு, நண்பரின் காரை எடுத்துக்கொண்டு எங்களை அழைக்க வந்திருந்தார். கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழம்.

என் கணவர் அந்தக் கண்களைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று இப்போது சொல்வார். அவருடைய சட்டப்படி அது நியாயமாகவும் இருக்கும். எத்தனை வருடமானாலும் அதற்கு உண்மையான காரணம் எதுவென்று நான் அறியப்போவதில்லை.

அவர் பெட்டிகளை ஏற்றினார். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். பிறகு முன்கதவைத் திறந்து, கிளீனர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"மெதுவா எடுங்க மாப்பிள்ளை. நான் பேசீட்டே வாரேன்."

ஏற்காட்டு மலையின் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எந்த வளைவில் எந்த வண்டி நின்றது, எங்கே பிரேக் பிடிக்கக் கூடாது, எங்கே குரங்கு பாயும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு 'மாப்பிள்ளை'. ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கும்வரை அவர் வாயை மூடவில்லை.