கத்திரி வெயிலில் சிங்காரப்பேட்டை போய் வந்த வண்டி

எனக்கு வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் சண்டை மூண்டது.

எட்டாவது தேறி, இரண்டு வருஷம் ஆசிரியைப் பயிற்சியும் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர் யாருமில்லை. அண்ணன்கூட ஜூஜுவாடி லாரி ஷெட்டில் வேலை பழகும்போது, லாரிகளின் முதுகில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றான். இப்போது எனக்கு ஆரம்பப் பள்ளி டீச்சர் உத்தியோகம்! எங்கள் ஊர் கெலமங்கலத்திலிருந்து எட்டு மைல் தள்ளி, காட்டை ஒட்டிய ஊர். பஸ் கிடையாது. அங்கேயே தனியாகத் தங்க அப்பா விடமாட்டார். அண்ணன் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவதாகச் சொன்னான். அவனிடம் ஒரு வண்டி இருந்தது.

யுத்தம் முடிந்தபின் பெங்களூரில் ஏலம் விட்ட பட்டாளத்து மோட்டார் சைக்கிள் அது. லாரிக்காரர் ஒருவர் வாங்கி, ஓட்டத் தெரியாமல் ஷெட்டின் மூலையில் போட்டு வைத்திருந்தார். அண்ணன் அதைக் கூலிக்குப் பதிலாக வாங்கி, ஒவ்வொரு திருகாகப் பிரித்து, மறுபடி பூட்டி, உயிர் கொடுத்தான். அது உறுமும்போது தெருக்கோழிகள் கூரை ஏறிவிடும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே உள்ளங்கால் பரபரக்கும்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. இரும்புக் கழுதை என்பார்.

"வழியில நின்னு போச்சுன்னா? பொட்டப்புள்ள காட்டுல நின்னுக்கிட்டு இருக்குமா? சந்தையில ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். குடுத்துட்டு மாடு புடிச்சிக்கலாம்."

"நிக்காது நைனா," என்றேன். நாங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நிக்காதா? சரி. சிங்காரப்பேட்டை அத்தை வீட்டுக்குப் போயி, அன்னிக்கே பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க பாக்கலாம். வந்துட்டா வண்டியும் இருக்கட்டும், உன் உத்தியோகமும் இருக்கட்டும். வரலேன்னா ரெண்டையும் உட்டுடு."

போக அறுபது எழுபது மைல், வர அவ்வளவு. பாதிக்கு மேல் புழுதித் தடம். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. அப்பா யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கோ, அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் கோழி கூவுமுன் அம்மா கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுத் தூக்குவாளியில் ஊற்றினாள். வேர்க்கடலை வெல்ல உருண்டைகளை ஒரு துணியில் முடிந்தாள். லாரிக்காரர்கள் முன்னால் தொங்கவிடுவார்களே, கித்தான் தண்ணீர்ப் பை, அதை அண்ணன் ஷெட்டிலிருந்து கொண்டு வந்திருந்தான். காற்று பட்டால் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கேரியரில் கோணிப் பையை மடித்துப் போட்டு, அதன் ஒரு பக்கம் பெட்ரோல் டின்னையும் உருண்டை மூட்டையையும் சேர்த்துக் கட்டினான். தூக்குவாளி என் மடியில்.

"களி ரெண்டு உருண்டை தின்னுட்டுப் போடா," என்றாள் அம்மா.

"வேணாம்மா. களி உள்ள போனா கண்ணு சொக்கும். வண்டியை எவன் ஓட்டுவான்?"

நாற்று நடும்போது எங்கள் பெண்கள் கட்டுவது போல் புடவையைக் கச்சமாக வரிந்து கட்டி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மாள் வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் உதைத்தான். ஊர் பின்னால் ஓடியது.

இராயக்கோட்டை வரை இறக்கம். இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுவில் வெள்ளையாகத் தடம். மாட்டு வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் விழுந்தால் அதிலேயே போகவேண்டும். அண்ணன் அதிலிருந்து எகிறி நடுமேட்டுக்கு வருவான், மறுபடி சறுக்குவான். ஒவ்வொரு எகிறலுக்கும் நான் கத்தினேன். பயத்தில் இல்லை. "இன்னும் வேகமா!" என்றுதான்.

கிருஷ்ணகிரி தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. "தண்ணி குடி அண்ணா," என்றேன். நிறுத்தினான். நிறுத்தியதும் உடம்பெல்லாம் வேர்வை குபுகுபுவென்று கொட்டியது. பையை வாங்கவில்லை.

"வேர்வை அடங்கட்டும். வேர்க்கறப்போ குடிச்சா நெஞ்சுல சளி புடிச்சிக்கும்."

எங்கள் வீட்டு வழக்கம் அது. ஏர் ஓட்டி வந்தாலும் கதிர் அறுத்து வந்தாலும் நிழலில் உட்கார்ந்து, துண்டால் துடைத்து, உடம்பு ஆறிய பிறகுதான் சொம்பைத் தொடுவார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். சிறிது நேரம் காத்தோம். வேர்வை அடங்குவதாக இல்லை. நேரம் போகிறதே என்று அண்ணன் மறுபடி வண்டியை எடுத்துவிட்டான். ஓட ஆரம்பித்ததும் காற்று அடித்து, சட்டை காய்ந்தது.

"இப்ப வேர்வையே இல்ல பாரு, தாகமும் இல்ல," என்று முன்னாலிருந்து கத்தினான்.

ஓடும்போது நிறுத்த நேரமில்லை, நிறுத்தினால் வேர்வை. இப்படியே மத்தூர் வரை ஒரு சொட்டு அவன் தொண்டையில் இறங்கவில்லை. அவன் முதுகு என் கண்ணுக்கு நேரே இருந்தது. காக்கிச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. வேர்வை இல்லாமல் எப்படி உப்பு வரும்? வேர்த்துக்கொண்டேதான் இருக்கிறான், காற்று உடனே உடனே குடித்துவிடுகிறது என்று எனக்கு உறைத்த அந்தக் கணத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணலில் பாய்ந்து, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம்.

அடி இல்லை. தூக்குவாளியை மட்டும் நான் விடவில்லை. அண்ணன் எழுந்து உட்கார்ந்தான், மறுபடி சாய்ந்தான். "கண்ணுல பூச்சி பறக்குது புள்ள. கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது."

ஒரு புளியமரத்தடிக்கு இழுத்துப் போனேன். "குடி."

"வேர்வை..."

"உன் சட்டையை நக்கிப் பாத்தியா? ஒரு படி உப்பு இருக்கு அதுல. உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சி. வண்டிக்குப் பெட்ரோல் ஊத்தறதுக்கு சூடு அடங்கணும்னு காத்திருப்பியா நீ?"

"காத்திருப்பேன். இல்லேன்னா பத்திக்கும்."

கண் திறக்க முடியாத நிலையிலும் வாய்க்கு மட்டும் குறைவில்லை. வாதம் பண்ண நேரமில்லை. தலையைப் பிடித்துக் கூழைப் புகட்டினேன். ஒரே மடக்காக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் தண்ணீர், மறுபடி கூழ். முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் தெளித்தேன். காலை நீவிவிட்டேன். மரத்தின் நிழல் நகர்ந்து வெயில் எங்கள் காலைச் சுடுவதற்குள் அவன் எழுந்து நின்றான். நானும் குடித்தேன், வேர்வையோடு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"டீச்சரம்மா," என்றான் கிண்டலாக. ஆனால் காலி வாளியை எட்டிப் பார்த்தான்.

உருண்டைகளை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. விழுந்த வேகத்தில் பெட்ரோல் டின் மூடி கழன்று, பக்கத்திலிருந்த மூட்டை முழுக்க நனைந்திருந்தது. டின்னில் மிச்சம் அடியில் கொஞ்சம்தான். அண்ணன் ஒரு உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வண்டியின் டாங்கியைத் தட்டினான். "இந்தா, நீயே தின்னு."

அதன் பிறகு ஒரு ஏற்பாடு. நான் தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கேள்வி கேட்காமல் குடிக்க வேண்டும். ஊத்தங்கரைச் சந்து ஒன்றில் ஒரு தெலுங்குக்கார அம்மாள் பானையில் மோர் வைத்திருந்தாள். உப்பை அள்ளிப் போடச் சொன்னேன். "இவ்வளவு உப்பா?" என்று தெலுங்கில் கேட்டு அவள் கண்ணை அகட்டினாள். போடச் சொல்லி, வாளி நிறைய வாங்கிக்கொண்டேன்.

உச்சிக்கு முன்னாலேயே சிங்காரப்பேட்டை! அத்தை, அப்பாவின் தங்கை, வாசலில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நாங்கள் முகம் கழுவுவதற்குள் ஒரு சேவல் பிடிபட்டுவிட்டது.

"அத்தை, நாங்க உடனே போகணும். பொழுது சாயறதுக்குள்ள ஊர்ல இருக்கணும்."

அத்தையின் முகம் மாறியது. அவள் மகள் அண்ணனுக்கு முறைப்பெண். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஏன் மாப்ள, என் வீட்டுச் சோறு உள்ள எறங்காதா? கை நனைக்காமப் போனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? பொண்ணு வேணாம்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ."

"அய்யோ அத்தை, வண்டி..."

"வண்டியைக் கட்டிக்க!"

அண்ணன் என்னைப் பார்த்தான். தின்றால், களியும் கோழிக் குழம்புமாக வயிறு நிரம்பி, கத்திரி வெயிலில் பாதி வழியில் கண் சொருகிவிடும். தின்னாவிட்டால் உறவே போகும். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"கை நனைக்கிறோம் அத்தை. ஆனா அரை வயிறு. மிச்சத்தைக் கட்டிக் குடு. நைனா உன் கையால சாப்ட்டு எத்தனை நாளாச்சு?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எங்கண்ணன் வர்றதேயில்ல. பஸ்ஸு மாறி மாறி யாரு வர்றதுன்னு சொல்லி உட்டுச்சி." அடுப்பை ஊதப் போய்விட்டாள். உள்ளிருந்து, "ஏய், அதுங்களுக்குக் குடிக்க எதனா குடுடி!" என்று குரல் வந்தது.

மகள் ஒரு செம்பில் பானகம் கொண்டுவந்தாள். வெல்லம், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அண்ணனின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மூக்கு நுனியில் நின்றது. ஒரே மூச்சில் குடித்தான்.

"அண்ணா, வேர்வை அடங்கல," என்றேன்.

"சும்மா இரு புள்ள."

அவள் சிரித்தபடி உள்ளே ஓடினாள். இன்னொரு செம்பும் வந்தது. அரை வயிறு சாப்பிட்டு, அத்தை துணியில் கட்டிக் கொடுத்த கோழிக் குழம்புச் சட்டியைக் கேரியர் ஓரத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பும் வழியில் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கானல் தடத்தின் மேல் தண்ணீராக நெளிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, நான் தட்ட, அவன் நிறுத்த, குடிக்க, ஓட. மோர் தீர்ந்ததும் அத்தை கொடுத்த புளித்தண்ணீர், அது தீர்ந்ததும் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தவரிடம் நிரப்பிய தண்ணீர். இந்தத் தடவை அண்ணன் பாட்டு வேறு பாடினான். கிருஷ்ணகிரியை நாங்கள் தொட்டபோது வெயில் இன்னும் மேற்கே உயரத்தில் நின்றது. நான் குதிக்காத குறை.

பெட்ரோல் போடும் இடத்தில் அன்று பெட்ரோல் இல்லை. மறுநாள்தான் லாரி வருமாம். டின்னில் இருந்த மிச்சத்தையும் ஊற்றிவிட்டு அண்ணன் டாங்கியைக் குலுக்கிப் பார்த்தான். "எட்டும்னு நெனைக்கறேன்," என்றான். அவன் குரல் நினைக்கவில்லை.

இராயக்கோட்டை தாண்டி ஏற்றம். கெலமங்கலத்துக்கு இரண்டு மைல் இருக்கையில் வண்டி இருமியது, இன்னும் ஒரு தடவை இருமியது, நின்றது.

அவ்வளவு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணன் இறங்கி, கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "போச்சு."

சூரியன் குன்றுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் இருந்தது. என் கால்களைப் பார்த்தேன். நடுங்கவில்லை. தலை சுற்றவில்லை. காலையில் மணலில் விழுந்து கிடந்த அண்ணனுக்கும் இப்போது கண்ணில் பூச்சி இல்லை, ராஜாவாக நின்றுகொண்டிருந்தான்.

"வண்டிக்குத்தானே தீர்ந்துச்சு? நமக்குத் தீரலியே. தள்ளு!"

பையில் மிச்சமிருந்த தண்ணீரை ஆளுக்குப் பாதி குடித்தோம். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ள, நான் கேரியரைப் பிடித்துத் தள்ளினேன். பட்டாளத்து இரும்பு, லேசான கனமா அது! ஏற்றத்தில் மூச்சு வாங்க, சமதரையில் ஓட்டம். மாடு ஓட்டி வந்த ஒருவர் கன்னடத்தில், "ஏனம்மா, குதுரே சத்தோய்தா?" என்று கேட்டார், குதிரை செத்துப்போச்சா என்று. "இல்லண்ணா, பசி!" என்று தமிழில் கத்திக்கொண்டே ஓடினோம்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். சூரியன் குன்றின் விளிம்பில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. முழுதாக இறங்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் உட்பட தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"தள்ளிக்கிட்டு வர்றீங்க," என்றார் அப்பா.

நான் கேரியரிலிருந்து குழம்புச் சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். துணியை அவிழ்த்தார். விரலால் தொட்டு வாயில் வைத்தார். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றார்.

"உப்பு தூக்கல். அவளேதான்." இன்னொரு துண்டு. "எப்டி இருக்கறா?"

"நீ வரலேன்னு அழுவுது."

எலும்பைக் கடித்தார். "வண்டி நின்னு போச்சுல்ல?"

"நின்னுச்சு நைனா. ரெண்டு மைலு அந்தாண்ட."

"காட்டுல இப்டி நின்னா இன்னா பண்ணுவே?"

"இப்பப் பண்ணதைத்தான் பண்ணுவேன்."

அப்பா என் கைகளைப் பார்த்தார். கேரியர் கம்பி பதிந்து இரண்டும் சிவந்திருந்தன. பிறகு அண்ணனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். எலும்பைச் சட்டி ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இஸ்கூலு எத்தினி மணிக்கு?"

"ஒம்பதரைக்கு நைனா."

"அப்ப விடியறப்பவே கெளம்பிடணும்," என்றார். "தள்ளிக்கிட்டே போனாலும் மணி அடிக்கறதுக்குள்ள போய்ச் சேரணுமில்ல."