இராஜாங்கம் எழுதிக்கொடுத்த உடம்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் இராஜாங்கம். ஆனால் தஞ்சாவூரைச் சுற்றி அவர் தரை போட்ட கட்டடங்களைச் சொல்லச் சொன்னால் ஒரு பொழுது போதாது. ஒரு கல் ஆடியது, ஒரு மூலை தூக்கியது என்று இன்றுவரை எவனும் வந்து நின்றதில்லை. மேலத்தெருக்காரர்களின் வயலில் பண்ணை வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் மெத்தை வீடு அவருடையதுதான். இதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார். அடுத்தவன் சொல்லட்டும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை.

ஒரு மருத்துவக் கல்லூரியில், பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடத்துக்கு டைல்ஸ் மாற்றப் போனார். மருந்து நெடி கண்ணைக் கரித்தது. கூட வந்த ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். இராஜாங்கம் மேசைக்குக் கிட்டே போனார். தோல் உரித்த முன்கையில் வெள்ளை வெள்ளையாக, நரம்பு மாதிரி தசைநாண்கள். அங்கிருந்த டாக்டர் லின்சி அதில் ஒன்றை இடுக்கியால் இழுத்துக் காட்டினார். செத்தவனின் விரல் மடங்கியது.

"என் விரலும் இப்படித்தானாம்மா?"

"எல்லாருக்கும் இப்படித்தாங்க ஐயா."

"மேலத்தெரு ஆளுங்களுக்கும்?"

லின்சி சிரித்துவிட்டார். "உள்ள தெறந்து பாத்தா தெருவெல்லாம் தெரியாதுங்க."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் இராஜாங்கம் அந்த மேசைப் பக்கம்தான் நின்றார். ஈரல் எந்தப் பக்கம், குடல் எத்தனை முழம், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசி நாள், உடல் தான விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்து தன் பெயரைத் தானே எழுதினார். வாரிசு ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மகன் இனியவன் தாளைத் தொடவே இல்லை.

"மேலத்தெருக்காரன் வரப்புல கால் வைக்கவிடாம, பொணத்தைத் தூக்கிக்கிட்டு இடுப்பளவு சேத்துல போனோம். பதினோரு வருஷம் கலெக்டர் ஆபீசுக்கு அலைஞ்சு சுடுகாட்டுக்குப் பாதை வாங்குனது யாரு? நீங்கதானே? இப்ப நீங்களே அதுல போக மாட்டேங்கறீங்களேப்பா!"

வாசலில் உட்கார்ந்திருந்த தெரு நாட்டாண்மை ஐயாவு ஒத்து ஊதினார். "கொள்ளி வைக்காம, கொடம் ஒடைக்காம... எரிக்க வக்கில்லாம ஆஸ்பத்திரியில போட்டுட்டானுங்கன்னு மேலத்தெருக்காரன் சிரிப்பான் மச்சான்."

"சிரிக்கட்டும் மாப்ள. நாளைக்கு வயித்து வலின்னு வந்தா, என்னை அறுத்துப் படிச்ச டாக்டருகிட்டதான் அவன் படுக்கணும்!"

இனியவன் அசையவில்லை. யார் கையெழுத்துப் போட்டாலும் கடைசியில் உடம்பை ஒப்படைக்க வேண்டியவன் அவன்; அவன் சம்மதிக்காவிட்டால் அது வெறும் தாள். செத்த பிறகு எழுந்து வந்து சண்டை போடவும் முடியாது. இராஜாங்கம் தாளை இன்னொரு தரம் மகன் பக்கம் தள்ளினார்.

உளுந்து களைந்துகொண்டிருந்த மனைவி வேம்பு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்கம்மாவக் கார்த்திகை மழையில வாய்க்கால்ல எறங்கித் தூக்கிட்டுப் போனாங்க. செத்தவ மொகத்துல தண்ணி அடிச்சுது. அன்னிக்கு வேற வழி இல்ல. இப்ப இருக்கு. இருந்தும் ஒரு மனுசன் நான் இந்தப் பக்கம் போறேங்கறாரு. எந்தப் பக்கம் போறதுன்னு நாமளே சொல்றதுக்குத்தாண்டா பாதையே வாங்குனது. கொண்டா பேனாவ, நானும் வாரிசுதான்."

"இரும்மா." இனியவன் அப்பா கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். கண் கலங்கியிருந்தது. "மேளத்தோட தெருவ ஒரு சுத்துச் சுத்தித்தான் வண்டியில ஏத்துவேன். வேணாங்கக் கூடாது."

"ரெண்டு சுத்தாப் போடுடா. எனக்கென்ன அவசரம்?"

மகன் கையெழுத்துப் போட்டான். ஐயாவு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இராஜாங்கம் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து, எழுத்துக்கூட்டி, மேலத்தெருவரை கேட்கும் குரலில் படிக்கத் தொடங்கினார்.